கம்பி யார் கையில் இருந்தால் கன்னக்கோல்?

இரவு 11.30 மணி. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் பேருந்துக்காக நிற்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் தோளிலும் பை. ரோந்து வரும் போலீஸார் இருவரையும் நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்கிறார்கள். இரண்டு பையிலும் ஒரே மாதிரியான மெல்லிய எஃகுக் கம்பிகள். நுனி வளைந்தவை. சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க உதவுபவை.

முதல் இளைஞரிடம் கேட்கிறார்கள்.

“என்ன தம்பி இது?”

“லாக்பிக் சார். பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பழகுறேன். ஹாபி. ஆன்லைன்ல வாங்கினது.”

“எங்க இருக்கீங்க?”

“ஸ்ரீரங்கம் சார். சித்திரை வீதி.”

“ராத்திரியில இதையெல்லாம் தூக்கிட்டு அலையாதீங்க. போங்க.”

அடுத்து இரண்டாவது இளைஞர்.

“இதென்னடா?”

“சாவி ரிப்பேர் பண்றேன் சார். எங்கப்பாவுக்கும் இதே வேலைதான்.”

“எந்த ஊரு? எந்தத் தெரு?”

தெருவின் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வருகிறது: “உன் மேல எத்தனை கேஸ் இருக்கு?”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் குறவர் குடியிருப்பிலோ காலனியிலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி ஒன்றுதான். அதை வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு அது பொழுதுபோக்கு, மற்றவருக்கு அது கன்னக்கோல். அப்படியானால் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பூட்டும் ஒரு பாடம்தான்

பூட்டைத் திறந்து பழகுவதில் என்ன பொழுதுபோக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வீட்டுக் கதவில் இருக்கும் உருளைப் பூட்டுக்குள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் சின்னச் சின்ன முளைகள் வரிசையாக இருக்கும். சரியான சாவியை நுழைத்தால் எல்லா முளைகளும் ஒரே மட்டத்துக்கு வரும், உருளை சுழலும். ஒரு கம்பியால் உருளையை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் முளைகளை ஒவ்வொன்றாக அந்த மட்டத்துக்குத் தூக்குவதுதான் இந்தப் பயிற்சி. இயந்திரவியல் படிக்கும் மாணவருக்கு இது கையால் கற்கும் பாடம். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் இதற்கென்றே சங்கங்கள் உண்டு, போட்டிகளும் நடக்கின்றன. அவர்களுக்கு இரண்டு விதிகள்: சொந்தப் பூட்டு அல்லது உரிமையாளர் அனுமதித்த பூட்டை மட்டுமே தொட வேண்டும், புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகக் கூடாது.

நமக்கும் இது அந்நியமான கலை அல்ல. திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திண்டுக்கல்லின் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. கள்ளச் சாவி போட்டால் திறக்காத பூட்டு, மணியடிக்கும் பூட்டு என்று விதவிதமாகச் செய்தவர்கள் அந்த ஊர்த் தொழிலாளர்கள். பூட்டு செய்பவருக்கும் சாவி செய்பவருக்கும் பூட்டைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தத் தொழிலே இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கும்போது நாம் தேடி ஓடுவது அவர்களைத்தான்.

சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் லாக்பிக் வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் கிடையாது. அது ஆயுதச் சட்டத்தின் கீழும் வராது. பூட்டைத் திறந்து அத்துமீறி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால்தான் அது வீடு உடைத்தல் என்ற குற்றம். திருடும் எண்ணத்தோடு அடைத்து வைத்த பெட்டியைத் திறந்தாலும் குற்றம். இவை எல்லாவற்றிலும் சட்டம் பார்ப்பது செயலையும் எண்ணத்தையும். வெறும் கம்பியை அல்ல.

குற்றம் செய்யத் தயாராவது மட்டுமே பொதுவாக நம் நாட்டில் தண்டனைக்குரியது அல்ல. இதற்கு மிகச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, கூட்டுக்கொள்ளைக்குத் தயாராவது. ஐந்து பேர் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 399, 402 பிரிவுகளில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 310-வது பிரிவில் இருக்கிறது. “புதர் மறைவில் பதுங்கியிருந்த ஐந்து பேர் கைது, அரிவாள், கயிறு, மிளகாய்ப் பொடி பறிமுதல்” என்ற செய்தியை நாளிதழ் வாசகர்கள் எத்தனையோ முறை படித்திருப்பார்கள். அதில் ஏன் எப்போதும் ஐந்து பேர் என்பதற்கான விடை இந்தப் பிரிவில் இருக்கிறது.

இன்னொன்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1898-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-வது பிரிவு, வீடு உடைக்கும் கருவியைத் தகுந்த காரணமின்றி வைத்திருப்பவரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம் என்றது. காரணம் தகுந்ததுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கருவி வைத்திருப்பவர் தலையிலேயே வைத்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1973-ம் ஆண்டு சட்டத்தின் 41-வது பிரிவிலும் அதே வாசகம் தொடர்ந்தது. 2008-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்த உட்பிரிவு நீக்கப்பட்டது. திருத்தம் 2010 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவிலும் அந்த வாசகம் இல்லை.

அதாவது, பையில் கம்பி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கைது செய்ய இந்தப் பிரிவு இன்று இடம் தரவில்லை. ஆனால் வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. குற்றம் செய்யும் நோக்கத்தோடு மறைந்து திரிகிறார் என்று கருதினால் 128-வது பிரிவின் கீழும், வழக்கமாகத் திருடுபவர் என்று கருதினால் 129-வது பிரிவின் கீழும் நிர்வாக நடுவர் முன் நிறுத்தி நன்னடத்தைப் பிணை கேட்கலாம். பழைய சட்டத்தில் இவை 109, 110. “நூத்திப்பத்து கேஸ்” என்று நம் ஊர்களில் சொல்வது இதைத்தான். திருவிழாக் காலம் வந்தால் இந்த எண்களுக்கு வேலை கூடும். மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்புக்குக் கூட்டம் கூடும்போது பாதுகாப்பு தேவைதான். அதில் நமக்கு மறுப்பு இல்லை. யாருடைய வீட்டுக் கதவை முதலில் தட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

வெளிநாடுகளிலும் அணுகுமுறை ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் 1968-ம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 25-வது பிரிவு, வீட்டுக்கு வெளியே திருடுவதற்கான பொருளோடு செல்வதைக் குற்றம் என்கிறது. அங்கும் நோக்கம்தான் அளவுகோல். ஜப்பான் 2003-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, நியாயமான காரணமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதையே தடை செய்தது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் நோக்கத்தைப் பார்க்கின்றன. எங்கே போனாலும் கடைசியில் எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: “இது உன்னிடம் எதற்கு?” அந்தக் கேள்விக்கு யார் சொல்லும் பதிலை நம்புகிறார்கள் என்பதில்தான் நம் நாட்டில் சாதி நுழைகிறது.

பெயரிலேயே தொழில் இருக்கிறது

தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உப்புக் குறவர், இஞ்சிக் குறவர், தோகைமலைக் குறவர் என்று பெயர்கள் வரும். தோகைமலை நம் பக்கத்து ஊர். இன்று கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. உப்பும் இஞ்சியும் ஏன் பெயரில் வந்தன? அவர்கள் அவற்றை விற்றுப் பிழைத்தவர்கள். கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்ளூர்களுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தவர்கள். ரயில் வந்தது, ஆங்கில அரசின் உப்புக் கொள்கையும் வந்தது, அந்த வியாபாரம் நொடித்தது. ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்களை, ஒரே இடத்தில் தங்காதவர்கள் என்பதற்காகவே அரசு சந்தேகித்தது.

1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகைச் சட்டம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதுதான். குழந்தை பிறக்கும்போதே குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம் அது. ஊரை விட்டுப் போகவும் வரவும் அனுமதி வேண்டும்; இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947-ல் அது ரத்தானது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல் நீங்கியது. ஆனால் 1948-லேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. பட்டியலில் சாதிப் பெயர் போனது. போலீஸ் நிலையத்தின் பழக்கத்திலிருந்து அது போய்விடவில்லை.

அதன் விலை என்ன என்பதை 1993 சொன்னது. கடலூர் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு, குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கம்மாபுரம் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். அவர் தப்பி ஓடிவிட்டதாகப் பின்னர் சொன்னார்கள். அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜாகண்ணு போலீஸ் பிடியிலேயே இறந்தது தெரியவந்தது. பிற்பாடு போலீஸார் தண்டிக்கப்பட்டார்கள். அந்தப் பெண்ணுக்காக வாதாடிய வழக்கறிஞர் கே.சந்துரு, நம் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். 2006 முதல் 2013 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தின் மூலக்கதை இந்த வழக்குதான். படத்தில் அவர்கள் இருளர்களாகக் காட்டப்பட்டார்கள்.

ராஜாகண்ணு விஷயத்தில் போலீஸாருக்குக் கம்பிகூடத் தேவைப்படவில்லை. சந்தேகமே போதுமானதாக இருந்தது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

2024-ல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. இரண்டையும் சட்டம் படிக்கும் மாணவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும். மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில், பின்தங்கிய, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகளின் பெயரைச் சாதி முன்முடிவோடு ரவுடிப் பட்டியலில் இயந்திரத்தனமாகச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. அக்டோபர் 3-ல் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறையில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவதும் அறை ஒதுக்குவதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. நம் பாளையங்கோட்டைச் சிறையும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. அதே தீர்ப்பில், சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்வதைத் தவிர்க்கும்படி போலீஸாருக்கும் உத்தரவிட்டது.

தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அது வர வேண்டுமென்றால், நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நிறுத்தினால் என்ன செய்வது?

சட்டம் நமக்குத் தந்திருப்பவற்றை எளிமையாகச் சொல்கிறோம். வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில், ஓடாதீர்கள்; மறைக்காதீர்கள். ஓடினால் அதுவே “மறைந்து திரிந்தார்” என்று எழுதக் காரணமாகிவிடும். தொழில் என்ன, வேலை எங்கே என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சாவி செய்பவர்கள் 2014-ம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின் கீழ் மாநகராட்சி தரும் அடையாள அட்டையை வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் அமர்ந்து சேவை செய்பவர்களும் அந்தச் சட்டத்தில் வருவார்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் உதவும். உங்கள் தொழிலுக்கு அதுதான் சாட்சி.

பொழுதுபோக்காகப் பழகும் மாணவர்களுக்கும் ஒரு சொல்: சொந்தப் பூட்டில், சொந்த அறையில் பழகுங்கள். வாங்கிய ரசீதை வைத்திருங்கள். இரவில் தேவையில்லாமல் எடுத்துக்கொண்டு திரியாதீர்கள். விடுதியில் நண்பனின் பெட்டியை விளையாட்டுக்குத் திறப்பதுகூட வழக்கில் போய் முடியலாம்.

கைது செய்தால், காரணத்தைச் சொல்ல வேண்டும் (பிரிவு 47). கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் (பிரிவு 36). உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் (பிரிவு 48). விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் (பிரிவு 38). 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58). சூரியன் மறைந்த பின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் பெண் அதிகாரி, நடுவரின் முன் அனுமதி பெற்றே செய்ய வேண்டும் (பிரிவு 43). 18 வயது நிரம்பாதவர்களை லாக்கப்பில் வைக்கவே கூடாது.

கையில் இருந்த பொருளை எடுத்தால் அதற்கு ரசீது கேளுங்கள். பிரிவு 49 அதைத் தரச் சொல்கிறது. சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 105. இது ஏன் முக்கியம்? போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் அது செல்லும். ஆகவே பொய் வழக்கின் உயிர் “மீட்கப்பட்ட பொருளில்”தான் இருக்கும். உங்களிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது அன்றைக்கே எழுத்தில் வந்துவிட்டால், பிறகு பையில் புதிதாக எதுவும் முளைக்காது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸாரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டிய கட்டாயமும் சட்டத்தில் இல்லை.

சான்றிதழைப் பாருங்கள்

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மீது அந்தச் சமூகங்களைச் சாராத ஒருவர் பொய் வழக்குப் போட்டால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(p) பிரிவில் அது குற்றம். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை வரக்கூடிய வழக்கில் சிக்கவைக்கப் பொய்ச் சாட்சியம் ஜோடித்தால், தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாது, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேலும் போகலாம். கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கு 4-வது பிரிவு இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் “குறவன், சித்தனார்” என்ற பெயர் பட்டியல் சாதியில் இருக்கிறது. உப்புக் குறவர், தோகைமலைக் குறவர் போன்ற பெயர்கள் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. ஒரே தெருவில், ஒரே விதமான சந்தேகத்துக்கு ஆளாகும் இரண்டு குடும்பங்களில், ஒரு குடும்பத்துக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை வரும், இன்னொன்றுக்கு வராது. கையில் இருக்கும் சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது கவனமில்லாமல் எழுதிய ஒரு சொல், இருபது வருடம் கழித்துப் பிள்ளையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கலாம்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வன்கொடுமை புகார்களுக்கு 14566. போலீஸ் பிடியில் இருக்கும் ஏழை எவருக்கும் சட்ட உதவி கேட்கும் உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மீண்டும் அந்தப் பேருந்து நிலையத்துக்கே வருவோம். முதல் இளைஞரை விட்டது தவறு என்று நாம் சொல்லவில்லை. அவர் சொன்ன காரணம் நியாயமானது. போலீஸார் கேட்டார்கள், நம்பினார்கள், அனுப்பினார்கள். சட்டம் நடக்க வேண்டிய முறை அதுதான். இரண்டாவது இளைஞருக்கும் அதே கேள்வி, அதே மரியாதை, அதே நம்பிக்கை வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அவரையும் “தம்பி” என்று கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அவர் அப்பா பழகிக்கொடுத்த தொழிலைப் பற்றிப் பெருமையாகவே சொல்லியிருப்பார்.